போலியோ: மருத்துவமனைக் குறிப்பேடு முடிகிற இடத்திலிருந்து

போலியோவின் வரலாற்றையும் அந்நோய் கண்டு பிழைத்தவர்களின் அனுபவங்களையும் ஆராய விரும்புவதாகவும், அறுபது எழுபது வயதைக் கடந்த சிலர் பேசச் சம்மதித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எதைப் படித்துவிட்டுப் போவது, என்ன கேட்பது, அவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு ஆதாரமாகக் கொள்வது என்பவை உங்கள் கேள்விகள். மூன்றாவதுதான் கடினமானது. அதற்கு விடை தேடப் புகுந்தால் மற்ற இரண்டுக்கும் வழி தெரிந்துவிடும் என்பதால், பதிலை அதை நோக்கியே கொண்டுபோகிறேன்.

போலியோவைப் பற்றிய எழுத்து வரலாறு பெரும்பாலும் இரண்டு நாள்களில் ஒன்றில் முடிந்துவிடுகிறது. ஒன்று, தடுப்பூசி பலிக்கிறது என்று அறிவிக்கப்பட்ட நாள்; மற்றது, நோயாளியை மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவைத்த நாள். பிழைத்தவர்களுக்கோ அந்த இரண்டாவது நாளுக்கு மறுநாள்தான் கதையே தொடங்குகிறது. குறிப்பேட்டின் கடைசி வரிக்குப் பிறகு ஐம்பது, அறுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அதற்கு அவர்களையும் அவர்கள் வீட்டாரையும் விட்டால் வேறு சாட்சி இல்லை. ஆகவே ஏட்டையும் மனிதரையும் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க வேண்டிய இரண்டு ஆதாரங்களாகக் கொள்ளுங்கள். எது உயர்ந்தது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுப் போகாதீர்கள்.

சொற்களிலேயே எச்சரிக்கை தேவைப்படுகிறது. ‘இளம்பிள்ளை வாதம்’ என்ற பழைய பெயரைக் கேட்டால் இது குழந்தைகளின் நோய் மட்டும் என்று தோன்றும். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921-ல் படுக்கையில் விழுந்தபோது அவருக்கு வயது 39. (அவருக்கு வந்தது போலியோவே இல்லை, நரம்புகளைத் தாக்கும் வேறொரு நோயான கில்லன்-பாரே நோய்க்குறியாக இருந்திருக்கலாம் என்று 2003-ல் ஓர் ஆய்வு வாதிட்டது. இவ்வளவு புகழ்பெற்ற நோயாளியின் நோயையே எண்பது ஆண்டு கழித்து ஐயப்பட முடிகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) ‘போலியோவிலிருந்து மீண்டவர்’ என்ற சொல்லையும் நான் தவிர்க்கிறேன். வைரஸ் சில வாரங்களில் உடலை விட்டுப் போய்விடுகிறது. அது கொன்ற நரம்பணு மீள்வதில்லை. ‘பிழைத்தவர்’ என்பது நேர்மையாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சந்திப்பவர் தம்மை எப்படிக் குறிப்பிடுகிறாரோ அந்தச் சொல்லையே உங்கள் பதிவில் பயன்படுத்துங்கள்.

நோயின் இயல்பைத் தெரிந்துகொண்டு போனால் பேச்சில் பாதி தானாகப் புரியும். போலியோ வைரஸ் வாய்வழி நுழைந்து குடலில் பெருகுகிறது. தொற்று கண்டவர்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே தெரியாது, சிலருக்கு வெறும் காய்ச்சல், ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே முடக்கம். அந்த ஒருவரில் வைரஸ் தண்டுவடத்தின் முன்புறத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களைத் தாக்குகிறது. உணர்வு நரம்புகளைப் பொதுவாகத் தொடுவதில்லை. இதன் பொருளைச் சற்று நின்று யோசியுங்கள்: கால் அசையாது, ஆனால் அதே காலில் எறும்பு கடித்தால் தெரியும், காலைத் தாங்கும் உலோகச் சட்டமான காலிப்பரின் தோல்பட்டை உரசி எரிந்தால் தெரியும், எலும்பை நேராக்க இழுத்துக் கட்டினால் முழு வலியும் தெரியும். முடங்கிய கால் என்றால் மரத்துப்போன கால் என்று நினைத்துக் கேள்வி கேட்பவரைப் பார்த்ததும் எதிரே இருப்பவருக்குச் சலிப்பு வந்துவிடும்.

பழைய வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம். எகிப்தின் 18-ஆம் அரச மரபுக் காலத்துக் கல்வெட்டுப் பலகை ஒன்று கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு கால் சூம்பிப்போய் கோலூன்றி நிற்கும் ஒருவரின் உருவம் உள்ளது, அது போலியோவாக இருக்கலாம் என்பது பலரின் ஊகம். 1789-ல் இங்கிலாந்தின் மைக்கேல் அண்டர்வுட்டும், 1840-ல் ஜெர்மனியின் யாகோப் ஹைனேயும் நோயை விவரித்தார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது இதற்குப் பிந்திய திருப்பம்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த நோய், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டாக்ஹோமிலும் அமெரிக்காவின் வெர்மான்ட்டிலும் கொள்ளைநோயாக வெடித்தது. அதுவும் சாக்கடையும் குடிநீரும் சீராகிக்கொண்டிருந்த நாடுகளில். முன்பு தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் உடலில் இருக்கும் கைக்குழந்தைப் பருவத்திலேயே எல்லோருக்கும் தொற்று வந்து ஓசையின்றிப் போய்விட்டது. சுகாதாரம் மேம்பட்டபின் அந்த முதல் சந்திப்பு பிந்தியது, பிந்தியதால் ஆபத்தானது என்பதே இதற்குப் பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். ஆனால் 1916-ல் நியூயார்க் நகரைப் போலியோ தாக்கியபோது மக்கள் குடியேறிகளின் நெருக்கடியான தெருக்களைத்தான் குற்றம் சாட்டினார்கள், பூனைகளை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். அக்காலச் செய்தித்தாள்களைப் படிக்கும்போது நோயைப் பற்றிய செய்தியைவிட, யார்மேல் பழி விழுந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பழி, நோய் வந்த வீட்டின் மௌனமாகப் பிற்காலம் வரை தொடர்ந்திருக்கிறது.

எண்களைக் கையாளும்போது ஒரு சின்ன ஒழுங்கு வேண்டும்: எந்த எண்ணைக் கண்டாலும் அது எண்ணப்பட்டதா, மதிப்பிடப்பட்டதா, எந்த வரையறைப்படி என்று கேளுங்கள். 1952-ல் அமெரிக்காவில் பதிவானவை சுமார் 58,000 நோயாளிகள். அவர்களுள் முடக்கம் கண்டவர்கள் ஏறத்தாழ 21,000 பேர், இறந்தவர்கள் 3,000-க்கும் சற்று மேல். 58,000 பேரும் முடங்கிப்போனதாக எழுதியிருப்பதைப் பல இடங்களில் காண்பீர்கள். 1955-க்குப் பிறகு, முடக்கம் சில வாரங்கள் கழித்தும் நீடித்தால்தான் முடக்கப் போலியோவாகக் கணக்கிடுவது என்று வரையறை கடுமையானது. ஆகவே முன்னும் பின்னும் உள்ள எண்களை அப்படியே அருகருகே வைக்கக்கூடாது. இதைக் காட்டித் தடுப்பூசியால் பயனே இல்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்த வாதம் நிற்காது, ஏனெனில் 1954-ல் நடந்த தடுப்பூசிச் சோதனையில் ஒரே ஆண்டில், ஒரே வரையறையில், ஊசி போட்ட குழந்தைகளையும் போடாத குழந்தைகளையும் ஒப்பிட்டே பலன் நிறுவப்பட்டது. இன்னொரு எடுத்துக்காட்டு: 1988-ல் உலகில் 3,50,000 பேருக்குப் போலியோ என்பது மதிப்பீடு, அவ்வாண்டு நாடுகள் முறையாக அறிவித்தவை சுமார் 35,000 மட்டுமே. பத்துப் பேரில் ஒன்பது பேர் எந்த ஏட்டிலும் இல்லை. உங்கள் ஆய்வுக்கு இதைவிட வலுவான நியாயம் தேவையில்லை.

ஏடுகளில் இருப்பவர்களிலும் ஒரு சாய்வு உண்டு. அமெரிக்கப் போலியோ வரலாறு அவ்வளவு நிறைவாகப் பதிவாகியிருப்பதற்குக் காரணம் பணம். ரூஸ்வெல்ட் 1926-ல் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீரூற்று விடுதியை விலைக்கு வாங்கினார். 1938-ல் போலியோவுக்கான தேசிய அறக்கட்டளை தொடங்கப்பட்டு, பத்து சென்ட் நாணயங்களாகப் பொதுமக்களிடம் திரட்டிய நிதியில் சிகிச்சையும் ஆய்வும் நடந்தன. கணக்கு வைத்த அமைப்பு, கடிதங்களைச் சேமித்த அமைப்பு, புகைப்படக்காரர்களை வைத்திருந்த அமைப்பு அது. அந்தப் புகைப்படங்களில் ஊன்றுகோலைப் பிடித்துச் சிரிக்கும் குழந்தைகள் ஏராளம். அதே காலத்தில் குடியரசுத் தலைவரைச் சக்கர நாற்காலியில் காட்டும் படங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. வார்ம் ஸ்பிரிங்ஸில் கறுப்பின நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கென 1941-ல் அலபாமாவின் டஸ்கிகீயில் தனி மையம் திறக்கப்பட்டது. எனவே ஆவணக் காப்பகத்துக்குள் நுழையும் முன் அதன் வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

மருத்துவமனை அனுபவத்தைப் பற்றிப் படிக்க நிறைய இருக்கிறது. தொற்றுக்கு அஞ்சிக் குழந்தைகளை வாரக்கணக்கில் தனி வார்டில் வைத்தார்கள். பல இடங்களில் பெற்றோர் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைக்க மட்டும் அனுமதி. நான்கு வயதுக் குழந்தைக்கு அது நோயின் காரணமாகத் தெரியாது, தண்டனையாகத்தான் தெரியும். 1928-ல் பாஸ்டனில் முதன்முதலாகப் பயன்பட்ட இரும்பு நுரையீரல், கழுத்துக்குக் கீழே உடல் முழுவதையும் உள்ளே வைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி, மூச்சு முடங்கியவரை மூச்சு விடவைக்கும் உருளை. படுத்திருப்பவருக்கு உலகம் தலைக்குமேல் சாய்வாகப் பொருத்திய கண்ணாடியில் தலைகீழாக வந்துபோகும். ஆஸ்திரேலியச் செவிலியர் எலிசபெத் கென்னி, கை கால்களைக் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கும் வழக்கத்துக்கு எதிராக, கொதிநீரில் தோய்த்த கம்பளித் துணிகளைச் சுற்றித் தசைகளை அசைத்துப் பழக்கினார். 1940-ல் அவர் அமெரிக்காவுக்குப் போனபிறகு அம்முறை பரவியது. அந்தச் சிகிச்சை பெற்ற பலர் மருத்துவரின் பெயரை மறந்திருப்பார்கள், ஈரக் கம்பளியின் வாடையை மறந்திருக்க மாட்டார்கள். 1952-ல் கோபன்ஹேகனில் நடந்ததையும் தவறவிடாதீர்கள். ப்ளெக்டாம் மருத்துவமனையில் மூச்சு முடங்கிய முதல் 31 பேரில் 27 பேர் மூன்று வாரத்தில் இறந்தார்கள். இருந்தது ஒரே ஓர் இரும்பு நுரையீரல். மயக்கமருந்து நிபுணர் பியோர்ன் இப்சென், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி ரப்பர் பையை அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையை முன்வைத்தார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் கட்டிலருகே அமர்ந்து கையால் அழுத்தினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அதுதான் என்பார்கள்.

இனி நேர்காணல். ‘அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?’ என்று தொடங்கினால், பலமுறை சொல்லித் தேய்ந்த ஒரு கதைதான் கிடைக்கும். அதில் துணிச்சல் இருக்கும், நன்றி இருக்கும், விவரம் இருக்காது. ‘காலையில் கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எப்படிப் போனீர்கள்? யார் தூக்கினார்கள்? உங்கள் எடை கூடக்கூட அது எப்படி மாறியது?’ என்று கேளுங்கள். பள்ளியில் வகுப்பறை எந்த மாடியில் இருந்தது என்று கேளுங்கள். செருப்பைப் பற்றிக் கேளுங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சிறுத்தவர் இரண்டு அளவில் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கும். அந்த ஒதுக்கிவைத்த செருப்புகள் என்னவாயின என்ற கேள்விக்கு ஒருமுறை ஒரு மூதாட்டி அரைமணி நேரம் பதில் சொன்னார். அந்த அரைமணியில் வீட்டின் வருமானம், அக்காளுக்கு வராமல் தங்கைக்கு மட்டும் வந்த புதுச்செருப்பின் பொறாமை, திருமணப் பேச்சு எல்லாம் இருந்தன. பழைய காலிப்பரோ ஊன்றுகோலோ பரண்மேல் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். கையில் அதைத் திருப்பிப் பார்த்தபடி பேசும்போது நினைவு வேறு விதமாக வரும்.

மருத்துவக் குறிப்பு கிடைத்தால், அதில் தசை வலிமைப் பட்டியலைத் தேடுங்கள். பாஸ்டனின் ராபர்ட் லவெட்டும் அவருடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட்டும் போலியோ நோயாளிகளுக்காகவே வகுத்த சோதனை முறையிலிருந்து வளர்ந்தது அது. ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். தொடைத் தசைக்கு 1, கெண்டைக்கால் தசைக்கு 3 என்று ஒரு குழந்தையின் உடல் கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருக்கும். அதை உரியவரிடமே காட்டி விளக்கம் கேட்டால், அந்த 1-ஐ வைத்துக்கொண்டு படி ஏறியது எப்படி என்று அவர் சொல்வார். தொடையை உள்ளங்கையால் அழுத்தி முழங்காலைப் பூட்டி நடந்ததை எந்தப் பட்டியலும் காட்டாது.

நம்பகத்தன்மைக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்கப்போகும் கதைகளில் பலவற்றின் வடிவம் ஒன்றாக இருக்கும்: ‘காய்ச்சல் அடித்தது, ஊசி போட்டார்கள், மறுநாள் கால் வரவில்லை.’ ஊசியால்தான் கால் போனது என்று குடும்பம் முழுவதும் நம்பும். வைரஸால் வந்த நோய்க்கு ஊசியைக் குறை சொல்கிறார்களே என்று இதை அறியாமையாகத் தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் பிரிட்டனிலும் 1950-ஐ ஒட்டி நடந்த ஆய்வுகள், போலியோ பரவிய காலத்தில் தசையில் ஊசி போடப்பட்ட குழந்தைகளுக்கு, ஊசி ஏறிய அதே கையோ காலோ முடங்கும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டன. 1995-ல் வெளியான ருமேனிய ஆய்வும், 1998-ல் விலங்குகளில் செய்த சோதனையும் இதற்கு வலுச்சேர்த்தன: காயப்பட்ட தசையிலிருந்து நரம்பிழை வழியாக வைரஸ் தண்டுவடத்துக்கு ஏறுவது எளிதாகிறது. அதாவது, பாட்டி சொன்னதில் மருத்துவம் நெடுநாள் ஒப்புக்கொள்ளத் தயங்கிய ஓர் உண்மை இருந்தது. அதற்காக ஒவ்வொரு கதையையும் அப்படியே ஏற்கவும் முடியாது. காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஊசி போடுவது பரவலான வழக்கமாக இருந்த இடத்தில், முடக்கம் வரப்போகிற குழந்தைக்கும் அதற்கு முன் ஓர் ஊசி போடப்பட்டிருக்கும். முன்பின் நிகழ்ந்தவை காரணகாரியமாகிவிடுவது மனித நினைவின் இயல்பு. எந்தக் காலில் ஊசி, எந்தக் கால் முடங்கியது, இடையில் எத்தனை நாள் என்பதை நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனி ஒருவரின் கதையில் இதைத் தீர்க்க முடியாது. தீர்க்காமல் பதிவு செய்யலாம். அந்த நம்பிக்கையைச் சுமந்து, ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தானே என்று ஆயுள் முழுவதும் வருந்திய தாயும் வரலாற்றின் பகுதியே.

இரண்டு மூன்று வயதில் நோய் கண்டவரின் ‘நினைவு’ பெரும்பாலும் வீட்டார் சொல்லக் கேட்டு உருவானது. இதைக் குறையாகக் கருத வேண்டாம், ஆனால் எது அவர் கண்டது, எது கேட்டது என்று மெல்லப் பிரித்துக் கேளுங்கள். உடன்பிறந்தவர்கள் அருமையான சாட்சிகள். அவர்களை யாரும் கேட்பதில்லை. நோய் வந்த ஆண்டை அவர்களே சரியாகச் சொல்வார்கள், ஏனெனில் அது தாங்கள் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆண்டு. மற்றொன்று, உங்களிடம் பேசுபவர்கள் பேச எஞ்சியவர்கள். இறந்தவர்கள், பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டுக்குள் ஒடுங்கியவர்கள், பேச விரும்பாதவர்கள் உங்கள் ஒலிப்பதிவில் இல்லை என்பதைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பின்வாழ்க்கையில் மிகவும் துலக்கமாகக் கேட்க வேண்டியது போலியோ பின்விளைவு நோய்க்குறி. முதல் தாக்குதலுக்கு 15 முதல் 40 ஆண்டுகள் கழித்து, நன்றாக இருந்த தசைகளிலும் புதிதாகத் தளர்ச்சி, தூங்கி எழுந்தாலும் தீராத அயர்ச்சி, மூட்டுவலி, குளிர் தாங்காமை. பிழைத்த நரம்பணுக்கள் புதிய கிளைகளை விட்டு, அனாதையான தசையிழைகளையும் தத்தெடுத்துப் பல பத்தாண்டுகள் இரட்டை வேலை பார்த்து ஓய்ந்துபோகின்றன என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோவின் வட்டத்தில் 1875-லேயே இத்தகைய நோயாளி விவரிக்கப்பட்டிருந்தும், மருத்துவம் நூறாண்டு அதை மறந்தே இருந்தது. நினைவூட்டியவர்கள் நோயாளிகள்தாம். அமெரிக்காவில் ஜினி லாரி நடத்திய சிற்றிதழ் வழியாகப் போலியோ கண்டவர்கள் ஒருவருக்கொருவர் எழுதி, ‘எனக்கும் அப்படித்தான்’ என்று கண்டுகொண்டார்கள். 1980-களில் மருத்துவ மாநாடுகள் அதன்பின் வந்தன. பயிற்சியை விடாதே, ஊன்றுகோலை விட்டுவிடு, மற்றவரைப்போல் நட என்று குழந்தையில் அதட்டி வளர்க்கப்பட்டவர்களிடம், அதே மருத்துவம் அறுபது வயதில் அளவாக நட, சக்கர நாற்காலியை எடுத்துக்கொள் என்று சொன்னது. இந்த முரணை அவர்கள் எப்படி விழுங்கினார்கள் என்று கேட்டால் கோபமும் வரும், சிரிப்பும் வரும். இரண்டாம் முறை தோற்றதாக உணர்ந்தேன் என்பவரும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்த அன்றுதான் முதன்முதலாகத் தரையைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துப் போனேன் என்பவரும் உண்டு.

‘நோயை வென்ற வீரர்’ என்ற வார்ப்பு உங்கள் கட்டுரைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 14 வயதில் போலியோ கண்டு இரும்பு நுரையீரலில் உறங்கிய எட் ராபர்ட்ஸ், 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது தங்குவதற்கு இடமாகக் கிடைத்தது வளாக மருத்துவமனை. சிறுவயதில் போலியோ கண்டு, பின்னர் ஆசிரியர் உரிமம் மறுக்கப்பட்ட ஜூடித் ஹ்யூமன், 1970-ல் நியூயார்க் கல்வி வாரியத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். 1977-ல் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கட்டிடத்துக்குள் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக வாரக்கணக்கில் நடந்த உள்ளிருப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரானார். இவர்கள் மல்லுக்கட்டியது வைரஸோடு என்பதைவிடப் படிக்கட்டோடும் விதிமுறையோடும் என்பதே சரி. உங்கள் நேர்காணலிலும் தடையாக நின்றது எது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: பேருந்தின் படியா, தலைமையாசிரியரா, சொந்தக்காரர்களின் இரக்கமா?

தடுப்பூசி வரலாறு எளிதில் கிடைக்கும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசிக்காக, சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற 1954-ன் சோதனையின் முடிவு 1955 ஏப்ரல் 12 அன்று அறிவிக்கப்பட்டது. அதே மாதம் அமெரிக்காவின் கட்டர் நிறுவனம் தயாரித்த ஊசி மருந்தில் உயிருள்ள வைரஸ் தங்கிவிட்டதால் சுமார் 200 பேர் முடங்கினார்கள், 10 பேர் இறந்தார்கள். அவர்களும் போலியோவில் பிழைத்தவர்கள்தாம், வெற்றிக்கதைக்குள் அடங்காதவர்கள். ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய சொட்டு மருந்து சோவியத் நாட்டில் பெருமளவில் சோதிக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. வைரஸின் மூன்று வகைகளில் இரண்டாம் வகை ஒழிந்ததாக 2015-லும், மூன்றாம் வகை 2019-லும் சான்றளிக்கப்பட்டன; இந்தியாவில் இயற்கையாகப் பரவும் (தடுப்பு மருந்திலிருந்து தோன்றாத) வைரஸால் நோய் கண்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டார். இதிலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பணக்கார நாடுகளில் பிழைத்தவர்கள் பெரும்பாலும் எழுபதைக் கடந்துவிட்டார்கள். மற்ற நாடுகளில் இருபது, முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். பின்விளைவு நோய்க்குறி அவர்களில் பலருக்கு இனிமேல்தான் வரக்கூடும். இந்நோயைக் கண்ணால் கண்டிராத இளம் மருத்துவர்களிடம் அவர்கள் போய் நிற்பார்கள். முதியவர்களோடு அவர்களில் சிலரையும் சேர்த்துக்கொண்டால் உங்கள் ஆய்வு இன்னும் கனமாகும்.

நடைமுறையில் சில. ஒரு அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அயர்ச்சியை மறைத்துப் பேசிப் பழகியவர்கள் அவர்கள், நிறுத்துங்கள் என்று தாமாகச் சொல்ல மாட்டார்கள். காலையில் போங்கள். குளிரூட்டிய அறை வேண்டாம், முடங்கிய கால் நீலம்பாய்ந்து வலிக்கத் தொடங்கும். மருத்துவக் குறிப்பைப் படமெடுக்கவும் பெயரை வெளியிடவும் தனித்தனியாக எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்; குடும்பத்தார் தரும் சம்மதம் அவருடைய சம்மதத்துக்கு ஈடாகாது. எழுத்துப்படியை வெளியிடும் முன் அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் தேதிகளைத் திருத்த மாட்டார். நீங்கள் ‘தூக்கிச் சென்றார்கள்’ என்று எழுதிய இடத்தில் அடித்துவிட்டு, ‘தவழ்ந்து போனேன்’ என்று எழுதித் தருவார். அந்தத் திருத்தப்பட்ட தாளையும் ஒலிப்பதிவோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்.